பல்லிடுக்கில் தெரிந்த நாக்கு

என் மகள் கொய்யாக்காயை ஓரப் பல்லால்தான் கடிப்பாள். தலையைச் சாய்த்து, காயைக் கடைவாய்க்குக் கொண்டுபோய், அங்கே கடித்து இழுப்பாள். முறுக்கு, கடலை மிட்டாய், சப்பாத்தி எல்லாமே அப்படித்தான். "எம்புட்டு நாசூக்கா சாப்பிடுது பாரு" என்று வீட்டில் எல்லாரும் ரசித்தோம், நானும் சேர்ந்துதான். அவளுக்கு ஏழு வயது முடியப்போகிற சமயத்தில், முன்பல் முளைப்பது கோணலாகத் தெரிகிறதே என்று பல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். "நல்லாக் கடிச்சுக்கோ பாப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டு உதட்டையும் விரலால் விலக்கி என்னைப் பார்க்கச் சொன்னார். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தியிருந்தன. முன்னால் மட்டும் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் நாக்கு நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "இப்ப எச்சில் முழுங்கு" என்றார். நாக்கு இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து சந்தை அடைத்துக்கொண்டது.

"பல்லு இன்னும் முழுசா இறங்கல, அது உண்மை. ஆனா இந்தச் சந்து அதனால மட்டும் வந்தது இல்லம்மா. விரல் சூப்புறாளா? வாயைத் திறந்து தூங்குறாளா?" என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்றேன். அவளுக்கு முன்பல்லால் கடிக்க முடியாது, அதனால்தான் ஓரப் பல்லால் கடிக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்கு முன்பு எங்களுக்கு இவையெல்லாம் தனித்தனி விஷயங்கள். விரல் சூப்புவது ஒரு பழக்கம். வாயைத் திறந்துகொண்டு தூங்குவது சளி. "சோறு" என்பது "தோறு" மாதிரி கேட்பது மழலை. விழுங்கும்போது தாடை சுருங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரிவதை யாரும் கவனித்ததே இல்லை. எல்லாம் ஒரே கயிற்றில் முடிந்த முடிச்சுகள் என்று புரிந்துகொள்ளவே எங்களுக்கு ஓர் ஆண்டு ஆனது. அந்த ஓர் ஆண்டு இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விரலில் இருந்து தொடங்குகிறேன். வலது கைக் கட்டைவிரல். வாயில் விரல், இடது கையில் அப்பத்தாவின் பழைய சுங்குடிச் சேலை முந்தானை. அந்தப் புள்ளிகளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துக்கொண்டே சூப்புவாள். இரண்டு நிமிடத்தில் கண் சொருகிவிடும். சூப்பும் விரல் மட்டும் எப்போதும் வெளுத்து ஊறிப்போய் இருக்கும், கணுவுக்கு மேலே பல் பட்டுக் காய்ப்பு ஏறியிருக்கும். நான்கு வயது வரை பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், பெரும்பாலான குழந்தைகள் தாங்களாகவே விட்டுவிடுவார்கள் என்று மருத்துவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நிலைப்பல் முளைக்கத் தொடங்கும் ஆறு வயதுக்கு மேலும் தொடர்ந்தால் அதைப் பார்க்கத்தான் வேண்டும். நாங்கள் பார்த்தோம், தவறான வழியில். வேப்பெண்ணெய் தடவினோம், நக்கித் துப்பிவிட்டுச் சூப்பினாள். ஓர் உறவுக்காரப் பெரியம்மா சொன்னார் என்று ஒருநாள் மிளகாயைத் தேய்த்துவிட்டேன். தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிட்டாள். நடுராத்திரியில் முகத்தைக் கழுவிக் கழுவி நானும் அழுதேன். தயவுசெய்து யாரும் மிளகாயைத் தொடாதீர்கள். விருந்தாளிகள் முன்னால் "இம்புட்டுப் பெரிய புள்ள இன்னும் விரல் சூப்புது" என்று சொல்லிக் காட்டுவதும் மிளகாய்தான். அப்படிச் சொன்ன நாட்களிலெல்லாம் அவள் கூடுதலாகச் சூப்பினாள்.

பல் மருத்துவர் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். தேடிப் போனது ஒரு பயிற்சி மையத்துக்கு. அங்கே நான்கு மாதம் போனோம். ஊதல் ஊதுவது, சோப்புக் குமிழி விடுவது, மெழுகுவர்த்தியை அணைப்பது, ஸ்ட்ராவால் பஞ்சு உருண்டையை ஊதி மேசையில் நகர்த்துவது, கன்னத்தை உப்ப வைப்பது, நாக்கை இடமும் வலமும் ஆட்டுவது. அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டிலும் இருபது நிமிடம் செய்தோம். நான்கு மாத முடிவில் ஒரு மூச்சில் அறை முழுக்கக் குமிழி விடக் கற்றுக்கொண்டாள். "தோறு" தோறாகவே இருந்தது. நாக்கு சந்திலேயே இருந்தது. "தசை பலவீனம், இன்னும் ஆறு மாதம் ஆகும்" என்றார்கள். அந்தப் பணத்தைவிட எனக்கு இன்றைக்கும் வலிப்பது, "நான் சரியாத்தான் பண்றேன், ஏம்மா சரியாகல?" என்று அவள் ஒருநாள் கேட்டது.

இரண்டாவதாகப் போன தெரபிஸ்ட் முதல் நாள் ஒரு பயிற்சியும் கொடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிஸ்கட் கொடுத்து எப்படிக் கடிக்கிறாள், எந்தப் பக்கம் மெல்லுகிறாள், தண்ணீரை எப்படி விழுங்குகிறாள் என்று பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியில் இருக்கிற நரம்பு மாதிரியான சவ்வு இழுத்துப் பிடிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அது இழுத்துப் பிடித்தால் நாக்கு மேலே எட்டாது, எத்தனை பயிற்சி செய்தாலும் பலன் குறைவு. இவளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அப்புறம் ஓர் எவர்சில்வர் கரண்டியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடி மூச்சு விடச் சொன்னார். கரண்டியில் ஆவி படிய வேண்டும். வலது பக்கம் லேசாகப் படிந்தது, இடது பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடிகூட ஆகவில்லை, தண்ணீரை விழுங்கிவிட்டு வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாள்.

"மூக்கு அடைச்சிருக்கு. இப்ப நான் வாயை மூடு, நாக்கை மேல வைன்னு சொன்னா புள்ள எது வழியா மூச்சு விடும்? முதல்ல காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாத்துட்டு வாங்கம்மா, அப்புறம் ஆரம்பிப்போம்" என்றார். கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஏதாவது பயிற்சியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்த இடம் அதுதான்.

வாயால் மூச்சு விடுகிற குழந்தைக்கு நாக்கு ஏன் கீழே கிடக்கிறது என்பதையும் அன்று விளக்கினார். வாய் வழியாகக் காற்று போக வேண்டுமென்றால் நாக்கு அண்ணத்தை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். விரல் சூப்பும்போதும் அதே கதை, விரல் மேலே, நாக்கு கீழே. நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கும்போது மேல் தாடைப் பற்களை உள்ளிருந்து தாங்குகிறது. வெளியிலிருந்து கன்னமும் உதடும் அழுத்துகின்றன. உள்தாங்கல் இல்லாமல் போனால் மேல் தாடை குறுகும், முன்பல் வெளியே தள்ளும், இல்லாவிட்டால் இப்படிச் சந்து விழும். விழுங்கும்போது நாக்கு பல்லைத் தள்ளுவதுதான் பிரச்சினை என்று நான் நினைத்திருந்தேன். அவர் அதைத் திருத்தினார். விழுங்குவது ஒரு நொடி வேலை. பல்லை நகர்த்துவது அந்த ஒரு நொடித் தள்ளல் இல்லை, சும்மா இருக்கும்போது மணிக்கணக்காக மெல்லச் சாய்ந்து கிடக்கிற நாக்கு. பல்லுக்குக் கம்பி போடுகிறவர்களும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறார்கள்: கொஞ்சம் விசை, நிறைய நேரம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்தார். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு வீங்கியிருந்தது, கூடவே தூசி அலர்ஜி. அடினாய்டு சின்ன வயதில் பெரிதாக இருந்து, வளர வளரத் தானே சுருங்கும் திசு என்பதால் உடனே அறுவை வேண்டாம், ஸ்பிரே போட்டுப் பார்ப்போம் என்றார். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து கவனிக்கச் சொன்னார். அப்படி இருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். ஸ்பிரே அடிப்பதில்கூட ஒரு முறை இருக்கிறது. தலையை லேசாகக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால், முனையை நடுத்தண்டுப் பக்கம் காட்டாமல் காதுப் பக்கமாகக் காட்டி அடிக்க வேண்டும். நாங்கள் முதல் வாரம் நடுத்தண்டில் அடித்து மூக்கில் ரத்தக் கசிவு வந்தது. அதற்கு முன்னால் உப்புத் தண்ணீர் ஸ்பிரே அடித்துச் சிந்த வைத்தோம். தலையணை உறையை வாரம் இருமுறை வெந்நீரில் துவைத்தேன். பஞ்சு பொம்மைகளைப் பரணில் ஏற்றினேன். ஆறு வாரத்தில் எவர்சில்வர் கரண்டியில் இரண்டு பக்கமும் ஆவி படிந்தது. அவளே அப்பத்தாவிடம் ஓடிப்போய்க் காட்டினாள்.

ராத்திரி வாயில் டேப் ஒட்டித் தூங்க வைக்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். செல்போனில் எங்கே பார்த்தாலும் அதுதானே வருகிறது. குழந்தைக்கு அதைச் செய்யவே கூடாது என்று இரண்டு மருத்துவர்களும் தெரபிஸ்ட்டும் ஒரே குரலில் சொன்னார்கள். மூக்கு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ பிள்ளை என்ன செய்யும்?

அந்த ஆறு வாரத்திலேயே விரலையும் எடுத்துக்கொண்டோம். எப்போது சூப்புகிறாள் என்று ஒரு வாரம் குறித்து வைக்கச் சொன்னார் தெரபிஸ்ட். பார்த்தால் மூன்றே நேரம்தான்: டிவி முன்னால், ஸ்கூல் வேனில், தூங்கப் போகும்போது. பகல் இரண்டும் சுலபமாக அடங்கின. டிவி பார்க்கும்போது கையில் பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடுத்தேன், வேனில் ஒரு ஸ்பாஞ்சுப் பந்து. ராத்திரிதான் கஷ்டம். அவளிடமே கேட்டோம், "விரல் தானா வாய்க்குப் போகாம இருக்க என்ன பண்ணலாம்?" கைக்கு அப்பாவின் காலுறையைப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். அது அவள் முடிவு என்பதால் நின்றது. சுங்குடிச் சேலையைப் பிடுங்கவில்லை. அதைப் பிடுங்கியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். காலண்டரில் விரல் சூப்பாத நாளுக்கு ஒரு நட்சத்திரம், சூப்பிய நாளுக்கு ஒன்றுமில்லை, திட்டும் இல்லை. முதல் வாரம் இரண்டு நட்சத்திரம். ஏழாவது வாரம் ஏழு.

அதற்குப் பிறகுதான் வாய்ப் பயிற்சி தொடங்கியது. முதல் மையத்தில் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது. ஊதுவது, நாக்கை ஆட்டுவது போன்ற, பேச்சில்லாத வாய்ப் பயிற்சிகள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஒரு கருத்தாய்வில் 100-க்கு 85 தெரபிஸ்ட்டுகள் அவற்றைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஆனால் குமிழி விட்டால் "ச" திருந்தும் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. "ச" வர வேண்டுமென்றால் "ச" சொல்லித்தான் பழக வேண்டும். இன்னொரு பக்கம், நாக்கும் உதடும் ஓய்வாக இருக்க வேண்டிய இடத்தைப் பழக்குவது, விழுங்கும் முறையைத் திருத்துவது என்பது வேறு வேலை. பாஸ்டனில் இருந்த ஆல்ஃப்ரெட் ரோஜர்ஸ் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் 1918-லேயே முகத் தசைப் பயிற்சிகளைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றார். "நாக்குல பலம் இல்லன்னு யார் சொன்னது? பேசுது, சாப்பிடுது, பல்லையே தள்ளுது. அதுக்கு வீடு எதுன்னு தெரியல, அவ்வளவுதான்."

அந்த வீட்டைக் காட்டிய விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மகளைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, "பந்து" சொல்லச் சொன்னார். "நாக்கு எங்க தொட்டுச்சு?" "பல்லை." "இப்ப அன்னாசி சொல்லு. அன்ன்ன்ன்னுலயே நில்லு. இப்ப எங்க இருக்கு?" கொஞ்சம் யோசித்தாள். "பல்லுக்குப் பின்னாடி, மேடா, வரி வரியா இருக்குல்ல, அங்க." "அதான் வீடு. பந்து வாசல், அன்னாசி வீடு." பள்ளியில் இலக்கணம் படித்தபோது ந-வும் ன-வும் ஒரே ஒலிதானே, எதற்கு இரண்டு எழுத்து என்று நானே சலித்துக்கொண்டதுண்டு. என் மகளின் பல்லைக் காப்பாற்ற அந்த வேறுபாடு உதவும் என்று நினைத்ததே இல்லை. தமிழ் பேசும் குழந்தைக்கு இதைவிடச் சுலபமான வழிகாட்டி கிடையாது.

முதலில் அந்த மேட்டில் விரலால் ஒரு சொட்டுத் தேன் வைத்து, நாக்கு நுனியால் தொட்டுக்கொண்டு பத்து எண்ணும் வரை இருக்க வேண்டும், வாய் திறந்தபடி. தாடை ஆடக் கூடாது, நாக்கு பல்லைத் தொடக் கூடாது. அப்புறம் குதிரைக் குளம்பு: நாக்கு முழுவதையும் அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டி, டொக் என்று விடுவது. இதில் நான் கவனிக்கத் தவறிய ஒரு விஷயம், அவள் நாக்கோடு சேர்த்துத் தாடையையும் அடித்துக்கொண்டிருந்தாள். தெரபிஸ்ட் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துப் பிடித்துக்கொண்டதும் டொக் சத்தமே வரவில்லை. நாக்கு தனியாக வேலை செய்யக் கற்க இரண்டு வாரம் ஆனது. சத்தம் வந்த பிறகு, உறிஞ்சி ஒட்டியபடியே வாயைத் திறந்து பிடிப்பது. ஐந்து எண்ணிக்கையில் தொடங்கி முப்பது வரை போனாள்.

உதட்டுக்குப் பொத்தான். கோட்டுப் பொத்தான் மாதிரி பெரியதாக, கனமான நூல் கோத்து, இரண்டு மூன்று முடிச்சுப் போட்டு, பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே வைத்து நூலை மெதுவாக இழுப்பேன். பல்லால் பிடிக்காமல் உதட்டால் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். விழுங்கிவிடக் கூடிய சின்னப் பொத்தான் ஆகவே ஆகாது, நூலைப் பெரியவர்கள் கையை விட்டு விடவும் கூடாது. இது தவிர, படம் வரையும்போது ஐஸ்குச்சியை உதடுகளுக்கு நடுவே பிடித்துக்கொள்வாள். மூக்கு திறந்திருக்கிற நாட்களில் மட்டும்.

மூன்றாவதாக விழுங்குவது. அவர் சொல்லிக் கொடுத்த வரிசை: நாக்கு வீட்டுக்கு, கடைவாய்ப் பல் கடி, உதட்டை விரித்துச் சிரி, விழுங்கு. ஒரு டீஸ்பூன் தண்ணீர். சிரித்தபடி விழுங்கச் சொல்வதற்குக் காரணம், உதடும் தாடையும் இறுக்கிப் பிடித்து உதவி செய்ய முடியாது, நாக்கே வேலை செய்தாக வேண்டும். முதல் நாள் தண்ணீர் முழுக்க ஃபிராக்கில் வழிந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். தண்ணீர் பழகியதும் மோர், அப்புறம் கஞ்சி, அப்புறம் வாழைப்பழம், கடைசியில் இட்லி. ஒவ்வொரு வேளையும் முதல் ஐந்து வாய் மட்டும் இப்படி. முழுச் சாப்பாட்டையும் அப்படிச் சாப்பிட வைக்க ஒருநாள் முயன்றேன், அழுகையில் முடிந்தது. ஐந்து வாயே போதும்.

காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம். மொத்தமே அவ்வளவுதான். ஆனால் இரண்டு மாதம் கழித்தும், பயிற்சியில் அழகாகச் செய்கிறவள் டிவி முன்னால் உட்கார்ந்ததும் வாய் பிளந்துகொள்ளும். நான் "வாயை மூடு" என்பேன். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், மாலைக்குள் முப்பது முறைக்கு மேல் சொல்லியிருக்கிறேன். அந்த "வாயை மூடு"வில் இருந்த எரிச்சல் எனக்கே காதில் விழுந்தது. தெரபிஸ்ட்டிடம் சொன்னபோது, "அம்மா, நீங்க சொல்லாதீங்க. பொருள் சொல்லட்டும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அவளிடமே கொடுத்தேன். டிவியின் ஓரத்தில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று, ஃபிரிட்ஜில், தண்ணீர் பாட்டிலில், பென்சில் டப்பாவுக்குள், மாடிப்படிக் கைப்பிடியில், அப்பாவின் பைக் முன்பக்கத்தில். பொட்டைப் பார்த்தால் நாக்கு வீட்டுக்குப் போக வேண்டும், உதடு சேர வேண்டும், ஒரு மூச்சு மூக்கால். வாரம் ஒருமுறை பொட்டுகளை இடம் மாற்றினோம், பழகிப்போனால் கண்ணில் படாது. அப்பத்தாவும் நெற்றிப் பொட்டைக் காட்டி "ஆத்தா, இங்க பாரு" என்பார். இத்தனை மாதத்தில் எந்தப் பயிற்சியைவிடவும் அதிகம் உதவியது இந்தப் பொட்டுதான் என்று நான் நினைக்கிறேன். பத்து நிமிடப் பயிற்சி நாக்குக்கு வழி காட்டும், அவ்வளவுதான். மீதி நேரம் முழுக்க அது எங்கே கிடக்கிறது என்பதில்தான் பல்லின் கதை இருக்கிறது.

"ச"வை ஐந்தாவது மாதம் எடுத்தோம். பல்லை லேசாகச் சேர்த்து, நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்துப் பாம்பு மாதிரி ஸ்ஸ் என்று நீட்ட வேண்டும். கண்ணாடியில் நாக்கு தெரிந்தால் தப்பு, அவளே கண்டுபிடித்துவிடுவாள். தனி ஒலி, அப்புறம் ச, சா, சி, சோ, அப்புறம் சொல், அப்புறம் வாக்கியம். சொல்லில் சரியாக வந்த பிறகும் பேச்சில் வர இரண்டு மாதம் ஆனது. சாப்பாட்டு நேரம் இதற்கு வாகாக அமைந்தது. சோறு, சாம்பார், சட்னி, சர்க்கரை. தட்டைப் பார்த்துப் பேசினாலே பயிற்சி. ஒன்றை மட்டும் பழகிக்கொண்டோம், அவள் ஆசையாக ஏதாவது கதை சொல்லும்போது குறுக்கிட்டுத் திருத்துவதில்லை. ஸ்கூலில் நடந்ததைச் சொல்ல வருகிற பிள்ளையிடம் "சரியாச் சொல்லு" என்றால் அடுத்த முறை சொல்லவே மாட்டாள்.

நேர்க்கோட்டில் எல்லாம் முன்னேறவில்லை. மார்கழியில் சளி பிடித்து மூன்று வாரம் மூக்கு அடைத்தது. வாய் திறந்தது, நாக்கு இறங்கியது, ஒரு ராத்திரி விரல்கூட வாய்க்குப் போனது. போச்சு, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று உடைந்துபோய் தெரபிஸ்ட்டுக்கு போன் செய்தேன். "சளி இருக்கும்போது பயிற்சியை நிறுத்துங்க, உப்புத் தண்ணி போடுங்க, மூக்கு திறந்ததும் ஆரம்பிங்க. கத்துக்கிட்டது எங்கயும் போகாது" என்றார். திரும்ப வர பத்து நாள்தான் ஆனது. முதல் தடவை அதற்கே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பல் மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தை அளந்தார். தொடக்கத்தில் 4 மில்லிமீட்டர். விரலை விட்டு எட்டு மாதத்தில் 2. இப்போது 1-க்கும் குறைவு. பல் இறங்கியதும் ஒரு காரணம், எல்லாப் பெருமையும் பயிற்சிக்கு இல்லை என்று அவரே சொன்னார். பழக்கம் நின்றால் இந்த வயதில் சந்து தானாகவே குறையக்கூடும். குறையாவிட்டால் மேல் பல்லுக்குப் பின்னால் நாக்கையும் விரலையும் தடுக்கிற மாதிரி ஒரு கம்பி வேலி பொருத்துவார்கள். அது கெட்டது ஒன்றும் இல்லை, சில குழந்தைகளுக்குத் தேவைதான். ஆனால் வேலியை எடுத்த பிறகு நாக்கு எங்கே போவது என்று கற்றிருக்க வேண்டும், கம்பி போட்டுப் பல்லைச் சேர்த்தாலும் அப்படித்தான். நாக்கு பழைய இடத்திலேயே கிடந்தால் சேர்த்த பல் மறுபடி விலகும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஓர் அமர்வுக்கு 600 ரூபாய், முதல் மூன்று மாதம் வாரம் ஒன்று, அப்புறம் இரு வாரத்துக்கு ஒன்று, இப்போது மாதம் ஒன்று. முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களிலும் பேச்சுப் பயிற்சிக்கு இடம் உண்டு. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பன்முக மாற்றுத்திறன் தேசிய நிறுவனம் இருக்கிறது. யாரிடம் போனாலும், பேச்சு, செவித்திறன் துறைக்கான பட்டப்படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி. படித்தவரா, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், ஒழுங்காகப் படித்தவர்கள் கோபப்பட மாட்டார்கள். மூக்கைப் பார்க்காமலே பயிற்சி தொடங்கினால், எதற்காக இந்தப் பயிற்சி, எத்தனை வாரத்தில் எது மாறும் என்று சொல்லாவிட்டால், யோசியுங்கள். நான்கு மாதம் நான் அதைக் கேட்கவே இல்லை.

என் அண்ணன் மகனுக்குப் பதினொரு வயது, கீழ் உதட்டை உள்ளிழுத்துச் சப்புகிற பழக்கம். உதட்டுக்குக் கீழே கறுத்துத் தோல் உரிந்திருக்கிறது, மேல் முன்பல் இரண்டும் வெளியே வந்திருக்கின்றன. அவனையும் போன மாதம் அதே தெரபிஸ்ட்டிடம் கூட்டிப் போனோம். முதல் நாள் எவர்சில்வர் கரண்டிதான். இரண்டு பக்கமும் ஆவி படிந்தது, அதனால் அவனுக்கு அன்றைக்கே பொட்டு அட்டை கொடுத்துவிட்டார். பெரிய பையன், பொட்டு வேண்டாம் என்று கூச்சப்பட்டான். பச்சை நிற வட்ட ஸ்டிக்கர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

மகளுக்கு இப்போது எட்டரை வயது. ராத்திரி விளக்கை அணைக்கும் முன் உதடு சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கையில் சுங்குடி முந்தானை இருக்கும், விரல் வெளியே இருக்கும். இந்த வாரம் மூன்று நாள் உதடு லேசாகத் திறந்திருந்தது, மூச்சில் கொஞ்சம் கரகரப்பு. பக்கத்து வீட்டில் சுவரை இடிக்கிறார்கள், தூசி. எவர்சில்வர் கரண்டியை எடுத்துப் பார்த்தேன், இடது பக்கம் மங்கலாகத்தான் படிகிறது. சனிக்கிழமை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன். அதுவரை பொத்தானும் ஐஸ்குச்சியும் டப்பாவில் இருக்கட்டும்.